பழைய சர்ச் வீட்டில் குளிர்காலம்: எதைச் சூடாக்குவது, எதை விட்டுவிடுவது

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸ் பக்கம், வீடாக மாற்றிய பழைய கிராமத்து சர்ச் ஒன்றில் குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: விளம்பரத்தில் நீங்கள் பார்த்த படங்கள் அநேகமாக ஜூன் மாதத்தில் எடுத்தவை. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழும், கூரை உத்திரங்கள் பளபளக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டிசம்பரில் அதே இடத்தில் காலை ஒன்பது மணிவாக்கில்தான் சூரியன் தலைகாட்டும், மாலை மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும், சமையலறையில் தேங்காய் எண்ணெய் மார்ச் வரைக்கும் வெள்ளைக் கட்டியாகவே கிடக்கும். அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போங்கள். ஆனால் சாதாரண வீட்டில் குளிரைச் சமாளிக்கிற பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் காசும் போகும், குளிரும் போகாது.

இந்த ஊர்களில் இவ்வளவு சர்ச் எப்படி விற்பனைக்கு வந்தது என்று பலர் கேட்பார்கள். 1843-இல் ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போதகர்கள் வெளியேறி ஃப்ரீ சர்ச் என்று தனிச் சபை தொடங்கினார்கள். அவர்களுக்கு ஊருக்கு ஊர் புதுக் கட்டடம் தேவைப்பட்டது, அவசர அவசரமாகக் கட்டினார்கள். பிறகு 1900-லும் 1929-லும் சபைகள் பலவும் திரும்ப ஒன்றாகச் சேர்ந்தபோது நூறு வீடுகூட இல்லாத ஊரில் இரண்டு மூன்று சர்ச் மிச்சமாகிவிட்டது, கும்பிட வருபவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. உங்கள் சர்ச் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் குளிரும் வெளிச்சமும். 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் பலவற்றில் பிரசங்க மேடை நீளமான தெற்குச் சுவரின் நடுவில் இருக்கும், அதன் இரு பக்கமும் உயரமான ஜன்னல்கள் இருக்கும். குளிர்கால வெயில் தெற்கிலிருந்து தாழ்வாக வருவதால் வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். மேசையை அங்கே போடுங்கள். 1823-இல் வந்த சட்டத்தின்படி பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் கட்டிய 32 சர்ச்சுகள் சின்னவை, எளிமையானவை. அப்படி ஒன்று கிடைத்தால் யோகம். விக்டோரியா காலத்துக் கூர்க்கோபுரச் சர்ச் என்றால் கம்பளியை இரண்டாக எடுத்து வையுங்கள்.

முன்பணம் கட்டும் முன்

வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "ஹீட்டிங் இருக்கிறதா" என்பது அல்ல, எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய, தாழ்வான கூரை உள்ள சின்ன அறை ஒன்று இருக்கிறதா" என்று கேளுங்கள். போதகர் உடை மாற்றும் அறையாக இருந்தது இப்போது படிக்கும் அறையாகவோ சின்னப் படுக்கையறையாகவோ மாறியிருக்கும். அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அது இல்லாமல் முழுக்க ஒரே கூடமாகத் திறந்து கிடக்கிற வீடு என்றால் ஜனவரிக்கு எடுக்காதீர்கள், மே மாதம் போய்க்கொள்ளலாம்.

அப்புறம் ஹீட்டிங் எதில் ஓடுகிறது, கெரசினா, மின்சாரமா, விறகா, வெப்ப பம்பா? எரிபொருள் செலவு வாடகைக்குள் அடக்கமா? கூரைக்கு உள்ளே வெப்பக் காப்பு போட்டிருக்கிறார்களா? குடிநீர் பொதுக்குழாயா, மலை ஊற்றிலிருந்து வருகிற சொந்த இணைப்பா? வீடுவரை வருகிற கடைசிச் சாலையில் பனி உருக உப்பு போடுவார்களா? குறுகிய கால வாடகை வீட்டுக்கு ஸ்காட்லாந்தில் உரிமம் வேண்டும், விளம்பரத்திலேயே உரிம எண் இருக்கவேண்டும். அது இல்லாத வீட்டை ஒதுக்கிவிடுங்கள்.

சூடு எங்கே போகிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலுக்கு ஐந்து மீட்டர், 2.4 மீட்டர் உயரம் உள்ள சாதாரண வரவேற்பறையில் இருக்கும் காற்று 48 கன மீட்டர். பதினைந்துக்கு எட்டு மீட்டர், எட்டு மீட்டர் உயரம் உள்ள சர்ச் கூடத்தில் 960. இருபது மடங்கு. அதுவும் சூடான காற்று நேராக மேலே ஏறி உத்திரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே சோபாவில் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இதனால்தான் மச்சில் படுக்கையறை வைத்த வீடுகளில் மேலே போர்வையை உதைத்துத் தள்ளுகிற அளவுக்குப் புழுக்கமாகவும் கீழே மூக்கு நுனி சில்லிட்டும் இருக்கும். கூரையில் மின்விசிறி தொங்கினால் அதைக் குளிர்காலத்திலும் ஓட்டவேண்டும், நம்ப முடியாவிட்டாலும். மிக மெதுவாக, எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி பொத்தானை மாற்றிவிட்டால் மேலே தேங்கிய சூடு சுவரோரமாகக் கீழே இறங்கும்.

அடுத்து சுவர். அறுபது, எழுபது, சில இடங்களில் தொண்ணூறு சென்டிமீட்டர் தடிமனுள்ள கல். இது சூடாகப் பல நாள் எடுக்கும். எனவே நீங்கள் எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து உத்தியே மாறுகிறது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வார இறுதிக்கு மட்டும் போகிறவர், வெள்ளிக்கிழமை இரவு பாய்லரை (ஹீட்டிங்குக்குத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம்) 25 டிகிரியில் வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் நேரத்தில்தான் சுவர் லேசாக வெதுவெதுக்கத் தொடங்கும். அவர் கூடத்தை மறந்துவிட்டு சின்ன அறை, விறகு அடுப்பு, மின்போர்வை என்று இருப்பதே நல்லது. மாதக்கணக்கில் இருப்பவர் நேர்மாறாக, ஹீட்டிங்கை அணைக்காமல் குறைந்த அளவில், 15 அல்லது 16 டிகிரியில், இரவும் பகலும் ஓடவிட்டு, உட்காரும் மூலையை மட்டும் தனியாகச் சூடாக்கிக்கொள்ளவேண்டும். தரைக்கு அடியில் குழாய் போட்ட ஹீட்டிங் என்றால் இன்னும் மெதுவானது, அதைக் காலையில் போட்டு மாலையில் அணைப்பது வீண்வேலை. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்கிறது. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் அவர்கள் இருக்கும் அறையில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தெர்மாமீட்டர் 18 காட்டியும் குளிர்கிறதே என்றால் அது உங்கள் கற்பனை அல்ல. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த கல் உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள், முதுகு உயரமான நாற்காலியில். சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் புத்தக அலமாரியோ கனத்த துணி போட்ட மடக்குத் தட்டியோ இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். காலடியில் காற்று வீசுகிறது, ஜன்னல் ஒழுங்காக மூடவில்லை என்றும் தோன்றும். பல சமயம் ஜன்னல் சரியாகத்தான் இருக்கும். உயரமான கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து அருவி மாதிரி கீழே இறங்கி, தரையில் ஓடி உங்கள் கணுக்காலைத் தொடுகிறது. ஜன்னலுக்கு அடியில் சோபா போடாதீர்கள். அவ்வளவுதான் மருந்து.

மின்சாரத்தில் இன்னொரு கணக்கு: 2,000 வாட் விசிறி ஹீட்டர் அந்தக் கூடத்தில் எந்த மூலையைச் சூடாக்கியது என்றே தெரியாது. மின்போர்வை 100 வாட் இழுக்கும், அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். அங்கே குளிர்காலம் தாக்குப்பிடிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேர்கிற இடம் இதுதான், கட்டடத்தைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது. பழைய ஸ்காட்லாந்து வீடுகளில் அலமாரி மாதிரி மரப்பெட்டிக்குள் படுக்கை வைத்து, முன்னால் கதவோ திரையோ போட்டு மூடிக்கொண்டு தூங்குவார்கள். கட்டிலைச் சுற்றித் திரை தொங்கவிட்டால் உங்களுக்கும் கிட்டத்தட்ட அதே சுகம் கிடைக்கும். வெந்நீர்ப் பையைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் போர்வைக்குள் போட்டு வையுங்கள், ஆனால் மின்போர்வையும் வெந்நீர்ப் பையும் ஒரே படுக்கையில் வேண்டாம்.

வாசலில் பழைய முகப்பு அறை இருந்தால் உள்கதவு, வெளிக்கதவு இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு உள்ளே தரைவரை தொங்குகிற கம்பளித் திரையும், கல் தரையில் ஒன்றுக்கு இரண்டாகக் கம்பளமும் போடவேண்டும். கம்பளம் போட்டால் எதிரொலியும் குறையும். அந்தக் கூடங்களில் குழந்தைகள் இரண்டு பேர் சண்டை போட்டால் இருபது பேர் போடுகிற மாதிரிக் கேட்கும், டிவியில் பேசுவது ஒன்றும் புரியாது.

விறகு, புகை, ஈரம்

விறகு அடுப்பு இருந்தால் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஈரமானி சின்னக் கருவிதான், விலையும் அதிகமில்லை. விறகைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். ஈர விறகு சூடு தராது, புகைபோக்கியில் தார் படியும், ஒருநாள் அந்தத் தார் தீப்பிடிக்கும். ஹைலேண்ட்ஸில் பிர்ச் மர விறகு சுலபமாகக் கிடைக்கும், நன்றாக எரியும், வேகமாகத் தீர்ந்தும் போகும். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்க வெட்கப்படவேண்டாம். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து வீடுகளில் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம், அடுப்போ பாய்லரோ உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் சட்டப்படி இருந்தாகவேண்டும். போனதும் ஒவ்வொன்றின் பொத்தானையும் அமுக்கி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஈரம். குளிரைவிட இதுதான் வீட்டைக் கெடுக்கிறது. பழைய கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளியே விடும். பிற்காலத்தில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கமாக வந்து நிற்கும். அதை நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் அதன்மேல் இன்னும் ஈரம் ஏற்றாமல் இருக்கலாம். துவைத்த துணியைக் கூடத்தில் காயப்போடாதீர்கள். குளியலறை விசிறியை அணைக்காதீர்கள். முக்கியமாக, சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை வாங்கி உள்ளே வைக்காதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள்ளேயே சேரும், காலையில் எல்லா ஜன்னலிலும் வழிவது அதுதான்.

காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபிரிட்ஜ் மாதிரி குளிரவைத்து ஈரத்தைப் பிடிக்கும் கம்ப்ரசர் வகை குளிர்ந்த அறையில் திணறும். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து ஓடும் டெசிகன்ட் வகை எடுபடும், கரண்ட் கொஞ்சம் கூட இழுத்தாலும் அந்தச் சூடும் அறைக்கே திரும்பி வருகிறது. ஈரப்பதத்தை 50, 60 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. வண்ணக் கண்ணாடியில் வழியும் தண்ணீரை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கவேண்டாம், டேப் ஒட்டவேண்டாம், கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருப்பது மெல்லிய ஈயக் கம்பிகள்தான். பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் இருந்தால் சுவரில் ஆணி அடிப்பதற்கும் முதலில் கேட்டுவிடுங்கள்.

சமையல்

கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையலறை என்றால், கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்த வாசனை சூடான காற்றோடு மேலே போய் மச்சில் இருக்கும் மெத்தை, தலையணை எல்லாவற்றிலும் தங்கிவிடும். ஒரு வாரத்துக்குப் போகாது. மச்சுக் கதவு இருந்தால் சாத்திவிட்டுத் தாளியுங்கள், இல்லையென்றால் மேலே துணிமணிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இட்லி மாவு மேசையில் வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில், துணிகளை அடுக்குவார்களே, அங்கே வையுங்கள். அது இல்லாத வீட்டில் ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைக்கலாம், கதவில் "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள், தெரியாமல் யாராவது 200 டிகிரியில் சூடாக்கிவிடுவார்கள். மற்றபடி ரசம், கஞ்சி, இஞ்சி டீ. இதற்கெல்லாம் நான் வழி சொல்லவேண்டியதில்லை.

சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை எல்லாரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்பது பிரிட்டிஷ் அரசு மருத்துவத் துறையின் பரிந்துரை. நம்மைப் போல் கருமையான தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்கவே எடுக்க யோசிக்கலாம் என்கிறார்கள். பகலில் பன்னிரண்டு மணிவாக்கில் எப்படியாவது ஒரு நடை போய்வந்துவிடுங்கள், வேலை அப்புறம் பார்க்கலாம்.

கரண்டும் ரோடும் போனால்

2021 நவம்பர் 26-இல் ஆர்வென் புயல் அடித்தபோது வடகிழக்கு ஸ்காட்லாந்தில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. கெரசின் பாய்லர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதன் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. எனவே விறகு, டார்ச், பவர்பேங்க், இரண்டு மூன்று நாளைக்கான தண்ணீர், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு எல்லாம் நவம்பர் முதலே இருக்கட்டும். சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தால் பியூட்டேன் உருளை உறைபனிக் குளிரில் வேலை செய்யாது, புரொப்பேன் செய்யும். அடுப்பைப் பயன்படுத்துவது வெளியிலோ முகப்பில் கதவைத் திறந்துவைத்தோதான். மின்தடைக்குக் கூப்பிடவேண்டிய எண் 105, இலவசம். வீட்டுத் தொலைபேசி இப்போது பெரும்பாலும் இணையத்தில் ஓடுவதால் கரண்ட் போனால் அதுவும் போகும். அந்தத் தடிமனான சுவருக்குள் செல்போன் சிக்னலும் சரியாக வராது, வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் கிடைக்கிறது என்று நல்ல நாளிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெரசின் லாரி வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள், பனி விழுந்தால் மேடேறி வரவும் மாட்டார்கள். தொட்டி பாதிக்கு இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். பல ஊர்களில் எல்லாரும் சேர்ந்து மொத்தமாக வாங்குகிறார்கள், விலை குறையும், கடையில் விசாரித்தால் தெரியும். பிரேமார் என்ற ஊரில் 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. அவ்வளவு போகாது, ஆனால் மைனஸ் பத்து சில வருடங்களில் வரும். அப்படி ஒரு காலையில் பாய்லர் நின்றுபோய் குடுகுடுவென்று சத்தம் வந்தால், முதலில் பாய்லரின் கழிவுநீர் வெளியேற வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயைப் பாருங்கள், அது உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம்.

பெரிய சாலைகளில் உப்பு தூவும் லாரிகள் எங்கே இருக்கின்றன என்று ஸ்காட்லாந்து போக்குவரத்துத் துறை வரைபடத்தில் நேரடியாகக் காட்டுகிறது. லாரிகளுக்கு வேடிக்கையான பெயரும் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் பெயர் சர் ஆண்டி ஃப்ளரி (டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயின் பெயரில் பனித்தூறலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தது). குழந்தைகளுக்கு இதுவே ஒரு சாயங்காலப் பொழுதுபோக்கு. உங்கள் கிளைச்சாலைக்கு அந்த லாரி வராது, ஓரத்தில் உப்பு வைத்திருக்கும் மஞ்சள் பெட்டியிலிருந்து நீங்களேதான் அள்ளிப் போடவேண்டும். காரைக் கூரை விளிம்புக்கு அடியில் நிறுத்தாதீர்கள். ஸ்லேட் கூரையில் சேர்ந்த பனி வெயில் பட்டதும் மொத்தமாக வழுக்கி விழும்.

கூட இருப்பவர்கள்

வௌவால் குளிர்காலம் முழுக்கக் கூரை இடுக்கில் தூங்கலாம். பிரிட்டனில் எல்லா வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, தொந்தரவு செய்வது குற்றம். பார்த்தால் விட்டுவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். ஜனவரியில் திடீரென்று ஜன்னலில் ஈக்கள் மொய்த்தால் பயப்படவேண்டாம், குளிருக்குக் கோபுரத்திலும் கூரையிலும் ஒளிந்திருந்தவை உங்கள் ஹீட்டிங்கில் விழித்துக்கொண்டன. வீடு அழுக்கு என்று அர்த்தமல்ல, வேக்குவத்தால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

சுற்றியிருக்கும் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கும், உங்கள் தோட்டம் அல்ல. கிறிஸ்துமஸ் நேரத்தில் உறவினர்கள் பூ வைக்க வருவார்கள். வழியை மறித்துக் காரை நிறுத்தாமல், கல்லறைக் கற்களில் துணி காயப்போடாமல் இருந்தால் போதும், வருபவர்களில் ஒருவராவது அந்தச் சர்ச்சில் தன் கல்யாணம் நடந்த கதையைச் சொல்லாமல் போகமாட்டார். நேரம் இருந்தால் உள்ளே கூப்பிட்டு டீ கொடுங்கள். எந்த மூலையில் காற்று புகும், எந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடுவில் சில நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் ஹீட்டிங்கை முழுவதும் அணைத்துவிடாதீர்கள், உறையாமல் காக்கிற குறைந்த அளவில் விடுங்கள். தண்ணீர் வருகிற தலைவால்வு எங்கே இருக்கிறது என்று வந்த முதல் நாளே கேட்டு வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதை மூடிவிட்டுக் கிளம்புங்கள். அந்த வால்வு பல வருடமாகத் திருகாமல் இறுகிப்போயிருக்கும், அதனால் அதையும் முதல் நாளே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுங்கள்.